நண்டுகளின் வரிசை

சுற்றுலாக் கப்பலில் டிக்கெட் எடுத்துப் போன பெருச்சாளி ஒன்று தீவில் இறங்கியது. நம்பாதவர்கள் கப்பலையே கேட்டுக்கொள்ளலாம். கரையில் காலிச் சங்கு ஒன்று கிடந்தது. வீட்டு அலமாரிக்கு ஆகுமென்று அதைப் பைக்குள் போட்டுக்கொண்டது.

சற்றுத் தள்ளி, பாறை நிழலில் நண்டுகள் பெரிது முதல் சிறிது வரை வரிசையாக நின்றன. பெருச்சாளி கைதட்டியது. "அருமை. ஆட்டம் எப்ப ஆரம்பம்?"

"ஆட்டமில்லீங்க ஐயா," என்றது பெரிய நண்டு. "நான் குடியிருக்கிற சங்கு எனக்குப் பத்தலை. இங்க ஒரு காலிச் சங்கு ஒதுங்குச்சு. நான் அதுக்கு மாறினா என்னுது இவனுக்கு, இவனுது அடுத்தவனுக்கு. கடைசிக் குட்டிக்கு இன்னும் சங்கே இல்லை. நீங்க பார்த்தீங்களா?"

பெருச்சாளிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் தள்ளியது.

"இல்லையே."

"போகட்டும். விருந்தாளி வெயில்ல நிக்கிறீங்களே, இப்படி வாங்க."

வரிசை முழுவதும் நிழலை விட்டு நகர்ந்தது. சங்கில்லாத குட்டியும் நகர்ந்தது.