மூன்றாவது தொடுதிரை

"மூணாவது ஸ்கிரீனா? வீட்டுக்குள்ளயே கடை போடப் போறீங்களா?"

"முதல்ல வாங்கினதோட வயர் போர்டுல சேரலை. ரெண்டாவதுல படம் வந்துச்சு, தொட்டா அசையலை. இதுதான்டி பொருந்திடுச்சு!"

"அப்ப மாமா தொட்டா மட்டும் ஏன் கம்முனு கிடக்கு?"

மனைவி கேட்டது நியாயம்தான். பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது. உள்ளங்கை அளவு கணினிப் போர்டில் சின்னத் தொடுதிரை மாட்டி, தண்ணீர், வலி, ஃபேன், கூப்பிடு என்று நாலு படம் வைத்தேன். தொட்டால் அது பேசும். நாங்கள் தொட்டால் பேசுகிறது. அப்பா தொட்டால் கப்சிப்.

ஒரு மாதமாக, வேலைவிட்டு வந்ததும் அவர் கட்டிலருகே நாற்காலி போட்டு இதைக் குடைந்தே ஓய்ந்துவிட்டேன்.

நேற்று ஸ்க்ரூடிரைவர் எடுக்க எழுந்து போனேன். அப்பா தனியாக இருந்த அறையிலிருந்து திரையின் குரல் வந்தது: "தண்ணி வேணும்."

டம்ளரோடு ஓடினேன். குடித்தார்.

"அப்பா, இன்னொரு தடவை தொடுங்கப்பா!"

அவர் விரலை மெல்ல மடக்கி, நகத்தால் தொட்டார். திரை அசையவில்லை. அந்த வகைத் திரைக்கு விரலின் தோல் பட வேண்டும், நகம் ஆகாது; சற்றுமுன் தோல்தான் பட்டிருக்கிறது. உதட்டைப் பிதுக்கிவிட்டு, 'உட்கார்' என்று நாற்காலியைக் காட்டினார்.

அழுத்தினாலே வேலை செய்யும் திரை ஒன்று இருக்கிறதாம். நகம் பட்டாலும் போதும், என் போர்டுக்கும் பொருந்துமாம். வாங்கட்டுமா, வேண்டாமா? விவரம் தெரிந்தவர்கள் பதில் போடுங்கள். வீட்டில் அப்பா இருப்பவர்களும் போடுங்கள்.