மின்விசிறியின் பகல்

கூடத்து மின்விசிறிக்கு ஒரே ஆசைதான். பகலில் ஓட வேண்டும்.

செண்பகவல்லி பிள்ளை பெற்று ஆறு மாதம் வீட்டிலிருந்தபோது, அது பகலெல்லாம் தொட்டிலுக்கு மேலே சுற்றியது. அப்புறம் அவள் வேலைக்குப் போனாள். குழந்தை காப்பகத்துக்குப் போனது. பகலில் வீட்டுக்குப் பூட்டுதான்.

இந்த லட்சணத்தில் புதுக் கட்டணத் திட்டம் ஒன்று வந்தது. ராத்திரி மின்சாரம் மலிவு, பகலில் விலை அதிகம். சேரலாமா வேண்டாமா என்று பார்க்க, புருஷனும் பெண்டாட்டியும் ஒரு மாதம் மீட்டரைப் பார்த்துப் பார்த்து எழுதினார்கள்.

விசிறிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பகல் விலை ஏறிவிட்டால், அவள் லீவு போட்டு வீட்டிலிருந்தாலும் பகலில் தன்னைப் போடவே மாட்டாளே?

"அண்ணே, பகல்ல நாலு யூனிட் கூட்டிக் காட்டுங்களேன். நமக்குச் சரிப்படாதுன்னு விட்டுடுவாங்க" என்று மீட்டரிடம் கெஞ்சியது.

"ஓடாததை எப்படிடா காட்டுறது? பகல்ல ஃபிரிஜ் ஒண்ணுதான் ஓடுது. துவைக்கிறது, மாவரைக்கிறது, ஏசி எல்லாம் ராத்திரி. இந்த வீட்டுக்கு அளவெடுத்துத் தைச்ச திட்டம்."

"நேத்து மத்தியானம் நான் நாலு சுத்து சுத்தினேனே! அதையாவது சொல்லுங்க."

"ஜன்னலைச் சாத்த மறந்துட்டுப் போனாங்க, காத்துல சுத்தினே. அது என் கணக்குல வராது."

அன்று சாயங்காலமே திட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை, இடுப்பில் பிள்ளையும் தோளில் பையுமாக வாசல்வரை ஓடிய செண்பகவல்லி சட்டென்று திரும்பி வந்தாள். விசிறி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

அவள் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனாள்.