கதவை மறித்தவள்

"ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க," என்று சொல்லிவிட்டு, நர்ஸ் உல்ரிகே கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

அந்த ஜெர்மன் ஆஸ்பத்திரியின் வராந்தாவில் பத்துப் பன்னிரண்டு பேர். கையில் சூப்புப் பாத்திரம், ரொட்டி, இடுப்பில் குழந்தைகள். உள்ளே படுத்திருப்பது அவர்களுடைய அம்மா நெர்மின். புற்றுநோய். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

"நேத்தும் இதையேதான் சொன்னே," என்றான் மூத்த மகன் ஓர்ஹான். "நாங்க துருக்கிக்காரங்க. சாகக் கிடக்கிறவளைத் தனியா விடமாட்டோம். உங்க ஜெர்மன்காரங்க மாதிரி பூவை அனுப்பிட்டு வேலைக்குப் போற ஆளுங்க இல்லை."

"தெரியும். ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க."

"உன்னைப் பெத்தவளையும் இப்படித்தான் பூட்டி வெச்சியா?"

உல்ரிகே கதவை விட்டு நகரவில்லை.

புகார் மேலே போனது. அந்த வாரமே நர்சுகளை வட்டமாக உட்கார வைத்தார்கள். வேறு பண்பாட்டு மனிதர்களிடம் நாம் எப்படிப் பழகுகிறோம், எப்படிப் பேசுகிறோம் என்று அவரவர் தன்னைத்தானே சோதித்துப் பார்க்க வேண்டுமாம். நடத்த வந்தவர் ஃபோஸ் என்ற பயிற்சியாளர்.

ஒவ்வொருத்தராகத் தங்கள் குறையைச் சொன்னார்கள். ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். உல்ரிகேயின் முறை வந்தது.

"அந்தக் குடும்பத்தைத் தடுத்தப்போ உங்களுக்குள்ள என்ன நடந்தது?" என்று கேட்டார் ஃபோஸ்.

"கால் வலிச்சது. ரொம்ப நேரம் நின்னேன்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"துருக்கிக் குடும்பங்கள்ல நோயாளியைச் சுத்தி எல்லாரும் இருக்கணும்னு நினைப்பாங்க. போன மாசம் இங்கதானே பேசினோம்?"

"பேசினோம். நல்லாவே கேட்டேன்."

"கேட்டுமா?"

"கேட்டும்தான்."

வார்டுத் தலைவி பெட்ரா குறுக்கிட்டாள். "பிடிவாதம் பிடிக்காதே உல்ரிகே. ஓர்ஹான்கிட்ட மன்னிப்புக் கேளு. இல்லேன்னா உன்னை வேற வார்டுக்கு மாத்த வேண்டியிருக்கும்."

"மாத்து. அதுவரைக்கும் அந்தக் கதவு என் பொறுப்பு."

"நம்ம மாதிரி இல்லாதவங்க மேல உனக்கு ஏன் இவ்வளவு வெறுப்பு?"

"என்னைப் பத்தி என்ன வேணா நினைச்சுக்கோ பெட்ரா. மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன்."

எழுந்து நேரே வார்டுக்குப் போய்விட்டாள்.

நெர்மின் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். காலடி கேட்டுத் தலையைத் திருப்பினாள்.

"ரொம்பத் திட்டினாங்களா மகளே?"

"கொஞ்சம்."

"நான்தான் உன்கிட்டக் கேட்டுக்கிட்டேன்னு சொல்லிட்டியா?"

"சொல்லலை."

நெர்மின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு அறை வீட்டுல அஞ்சு பிள்ளைங்க, மாமியார், நாத்தனார். அப்புறம் பேரன் பேத்திங்க. ஒரு நாளும் நான் கதவைச் சாத்திக்கிட்டுத் தனியா உக்காந்ததில்லை. போறதுக்குள்ள தினமும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும்னு ஆசை. ஆனா 'போங்கடா'ன்னு என் வாயால சொன்னா ஓர்ஹான் தாங்கமாட்டான். ஜெர்மன்காரி இரக்கம் இல்லாம விரட்டினாள்னா, உன்னை நாலு திட்டு திட்டிட்டு ஆறிடுவான்."

வராந்தாவில் குழந்தைகளின் பேச்சும் பாத்திரச் சத்தமும் நெருங்கி வந்தன.

உல்ரிகே போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டாள்.

"நீங்க கண்ணை மூடுங்க. இன்னிக்கு ரெண்டு மணி நேரம் திட்டட்டும்," என்றபடி வெளியே போய், கதவைச் சாத்தி, அதன் குறுக்கே நின்றுகொண்டாள்.