நடுச் சுவர்

"உன் மாடிக்கு என் சுவருதான் கெடைச்சுதா?"

"ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிறதே ஒரே சுவரு. ஒரு கையெழுத்துப் போட்டா உன் கை தேஞ்சா போயிடும், சொர்ணம்?"

லிங்கராஜபுரம் வரிசை வீட்டில் பக்கத்து வீட்டுச் சம்மதம் இல்லாமல் மாடி எழுப்ப மாட்டேன் என்று மரகதத்தின் இன்ஜினியர் சொல்லிவிட்டார்.

"என் பையன் பரத்துக்குக் கல்யாணம் ஆவப்போவுது. வர்றவளுக்கு ஒரு ரூம் வேணாமா?"

"எவளோ கால் நீட்டிப் படுக்க நான் கையெழுத்துப் போடணுமா? வாடகை வீட்டுல கெடந்து அல்லாடட்டும்."

விஷயம் தெரிந்த தெருக்காரர்கள் நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. சண்டை அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

மாடி வேலை நின்றது. அடுத்த மாதமே பரத் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மனைவி இளவேனிலோடு பீன்யாவில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டான்.

இப்போது ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறிப் பீன்யா போகிறாள் சொர்ணம். இளவேனில் அவளுக்கு ஒரே மகள்.