விரல் உயரப் பொம்மைகள்

சாயங்கால வெயில் அனல்மின் நிலையத்துப் புகையில் மங்கி, சந்தையில் முனவரா விரித்திருக்கும் சாக்கின்மேல் விழுகிறது. விரல் உயர மண்பொம்மைகளுக்கு முன்னால் சிங்காரவேல் குந்தியிருக்கிறார். யாரையும் நம்பாத கிழவர். ஒவ்வொன்றின் கழுத்தையும் நகத்தால் தட்டி, விரிசல் இருக்கிறதா என்று காதோடு வைத்துக் கேட்கிறார். ஏதோ ஆசையில் ஒன்று வாங்கப்போய், இப்போது குவார்ட்டர்ஸில் டிரங்குப்பெட்டியே நிறைந்துவிட்டது. கேட்டால், “பேத்திக்கு” என்பார். அதை நம்பித்தான் முனவரா எப்போதும்போல, அவர் வாங்கிய பூக்காரி பொம்மையோடு ஒரு குட்டி யானையையும் உள்ளங்கையில் வைக்கிறாள். “இது புள்ளைக்கு நான் சும்மா குடுக்கறது, பெரியவரே.” அந்த நேரம் பார்த்து, மைன்ஸில் அவரோடு வேலை பார்த்த குமரவேல் சைக்கிளை நிறுத்திச் சிரிக்கிறார். “யோவ் சிங்காரம், கல்யாணமே ஆவாத ஆளுக்கு ஏதுய்யா பேத்தி? நீயே வச்சி வெளையாடிக்கினு கீறியா?” சைக்கிள் போய்விடுகிறது. கிழவரின் காதுமடல் கொதிக்கிறது. யானையைச் சாக்கின்மேல் திரும்ப வைக்கிறார். அது நிற்காமல் சாய்கிறது. முனவரா அதை எடுத்து, மண்ணை ஊதி, அவர் சட்டைப் பையில் போடுகிறாள். “ஒங்களுக்கே குடுக்கறேன். எடுத்துக்கினு போங்க.” அவள் திட்டியிருந்தால் அவரும் திருப்பித் திட்டிவிட்டு எழுந்து போயிருப்பார். தலை நிமிராமல் அங்கேயே குந்தியிருக்கிறார்.