ஆறு பிள்ளை, ஆறு சிலிண்டர்

"ரமிரோவுக்கு ஒண்ணுமில்ல. மிர்தாவும் தெம்பாத்தான் இருக்கா. இந்த ரெட்டைங்க ரெண்டும்தான் செத்துக் கிடக்கு!" என்று வாசலிலிருந்து கத்தினார் எவரிஸ்தோ.

"கல்யாண நாளும் அதுவுமா என்னைச் சாகடிக்காதீங்கப்பா!" என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள் மணப்பெண் நிடியா. அவளுக்கு முக்காடு குத்திக்கொண்டிருந்த இரட்டைச் சகோதரி சுலேமா, "எனக்கும் சேர்த்தே காரியம் பண்ணிட்டாரு!" என்று சிரித்தாள்.

எவரிஸ்தோ சொன்னது லாரியின் சிலிண்டர்களை. ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு என்று அவை வெடிக்க வேண்டிய வரிசை அவர் மண்டையில் என்றைக்கும் நின்றதில்லை. மூத்தது ஒன்று, அடுத்தது இரண்டு என்று பிறந்த வரிசையில் சிலிண்டர்களுக்கு ஆறு பிள்ளைகளின் பெயரை வைத்து, வெடிக்கும் முறைப்படி 'ரமிரோ, ஃபெர்மின், சுலேமா, டோனியா, மிர்தா, நிடியா' என்று பாட்டாகக் கட்டிக்கொண்ட பிறகுதான் பிழைத்தார்.

நேற்று மத்தியானம் வரைக்கும் வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. கல்யாணமாயிற்றே என்று, சிலிண்டர்களுக்கு முறைவைத்து மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் புது மூடி வாங்கிவந்து, பழைய மூடியிலிருந்து ஆறு வயர்களையும் உருவினார். மனைவி ஒப்துலியா அவற்றைத் துடைத்து, முன் சிலிண்டரிலிருந்து தொடங்கி, பிறந்த வரிசையில் ஒவ்வொரு வயரிலும் ஒரு பிள்ளையின் பெயரை எழுதிக் கட்டினாள். இவர் பாட்டைப் பாடிக்கொண்டே புது மூடியில் சொருகினார்.

அப்போது பிடித்த சனியன். எஞ்ஜின் காலுடைந்த கோவேறு கழுதை மாதிரி நொண்டியது, கார்புரேட்டர் வழியாகத் துப்பியது.

"தீப்பொறி விழுற டைமிங்தான். என் காது பொய் சொல்லாது," என்று காலையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். டிஸ்ட்ரிபியூட்டரை இந்தப் பக்கம் திருப்பினால் வண்டி இருமியது. அந்தப் பக்கம் திருப்பினால் 'டமார்' என்று வெடித்து, கல்யாணச் சட்டையில் பாதியைக் கறுப்பாக்கியது. பழைய அடையாளக் கோட்டுக்கே திருப்பி வைத்தார்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டைத் தேய்த்தார். பிளக்கெல்லாம் கழற்றித் துடைத்தார். எஞ்ஜினை ஓடவிட்டு வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். மற்ற நாலில் எதைப் பிடுங்கினாலும் எஞ்ஜின் துவண்டது. சுலேமாவையும் நிடியாவையும் பிடுங்கினால் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. கூட ஒரு ஷாக் அடித்ததுதான் மிச்சம்.

"வயர் மாறியிருக்கா பாருய்யா," என்றாள் ஒப்துலியா.

"மூணு தடவ பேரப் படிச்சுப் பார்த்தாச்சு. பெத்த பிள்ளைங்க எனக்கு மாறுமா?"

மணி ஒன்பதே கால். ஹூட்டிகால்பா மாதா கோவிலுக்கு அரை மணி நேரப் பாதை. பத்து மணிக்குப் பெண் வாசலில் இறங்காவிட்டால், பாதிரியார் அடுத்த ஊர்ப் பூசைக்குக் கிளம்பிவிடுவார்.

மாப்பிள்ளையின் அப்பா எலியோதோரோ தன் புது வண்டியில் வந்து இறங்கினார். "சம்பந்தி, பேசாம என் வண்டியில ஏத்துங்க. ஏசி இருக்கு. பொண்ணு வாடாம வருவா."

எவரிஸ்தோவுக்குச் சுருக்கென்றது. 'என் பொண்ணு என் லாரியிலதான் கோவில்ல இறங்குவா' என்று மதுக்கடையில் மேசையைத் தட்டி ஊருக்கே சொன்னவர் அவர். நிடியாவுக்கும் அதுதான் ஆசை. இப்போது சம்பந்தி வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து போனால், கோழிச் சந்தையில் கூடத் தலைகாட்ட முடியாது.

"அஞ்சு நிமிஷம் கொடுங்க. இந்த ரெட்டைங்க எப்பவுமே இப்படித்தான். இவளுக பொறந்த அன்னிக்கும் இதே வண்டி மருத்துவச்சியக் கூட்டிவரப் போன இடத்துல படுத்துடுச்சு. நான் பாயிண்ட் மாத்திட்டு வர்றதுக்குள்ள ரெண்டும் பொறந்து தொட்டில்ல தூங்குது!"

"பெருமையா வேற சொல்றாரு பாரு," என்றாள் ஒப்துலியா.

மறுபடியும் குனிந்து எஞ்ஜினுக்குள் காதை வைத்தார். எண்ணெயும் வியர்வையும் மூக்கு நுனியில் சொட்டின. ஊரில் பாதி வண்டிக்கு வைத்தியம் பார்த்த மேதாவிக்குத் தன் வண்டி மட்டும் பிடிபடவில்லை. அழுகை வரும்போல இருந்தது.

"நீ ஏறிப் போம்மா, அவரு வண்டியிலயே," என்றார், நிடியாவின் முகத்தைப் பார்க்காமல். நிடியா கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினாள். கண் கலங்கியிருந்தது.

"நில்லுடி," என்றாள் ஒப்துலியா. "யோவ், எஞ்ஜினை நிறுத்து. அந்தப் பாட்டை ஒரு தடவ எனக்குப் பாடு."

"இப்ப பாட்டு ஒண்ணுதான் குறைச்சலா?"

"பாடுய்யா!"

பாடினார். பாதியிலேயே ஒப்துலியா தலையில் அடித்துக்கொண்டாள். நேராக வந்து மூடியிலிருந்து இரட்டையரின் வயர் இரண்டையும் பிடுங்கி, அதை இங்கேயும் இதை அங்கேயும் மாற்றிச் சொருகினாள். "இப்ப போடு."

சாவியைத் திருப்பினார். லாரி ஒரு தும்மல்கூட இல்லாமல், நூல் பிடித்த மாதிரி சீராக ஓடியது. நிடியா ஓடிவந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

எவரிஸ்தோ வாய் பிளந்தார். "எப்படிடி கண்டுபிடிச்ச? என் காதுக்கே தெரியலையே!"

"மூணாவதாப் பொறந்தவ நிடியாய்யா, சுலேமா நாலாவது! நான் சரியாத்தான் எழுதினேன், நீதான் பாட்டுல மாத்திப் பாடுற. இருபத்திரண்டு வருஷமா சொல்றேன், உன் காதுல எஞ்ஜின் சத்தம் மட்டும்தானே விழுது!"