எண்பதில் ஒருத்தி

மகள் மேடையேறப் போகிற நேரத்தில் மகளின் அப்பா வந்து வாசலில் நின்றார்.

அந்த ஆளை வேறெப்படிச் சொல்லவும் இவளுக்கு இப்போது வாய் வருவதில்லை.

உள்ளே எண்பது பேர். அதற்கு மேல் ஒரு தலை கூடக் கூடாது. பாடுகிறவர்கள், சவுண்ட் மிக்சர் முன்னால் உட்கார்ந்திருப்பவன், வாசலில் டிக்கெட் கிழிக்கிற இவள், எல்லாரும் சேர்த்துத்தான் எண்பது.

கதவுக்குப் பக்கத்தில் தீயணைப்புத் துறை அதிகாரி நாற்காலி போட்டுக் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தார். கையில் எண்ணுகிற கருவி. ஆள் நுழைந்தால் ஒரு கிளிக். கெட்ட மனுஷர் இல்லை. எண்ணத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு தலை கூடிவிட்டது. டிரம்ஸ் வாசிப்பவனின் மனைவி இடுப்பில் வைத்திருந்த கைக்குழந்தை.

பால்குடிப் பிள்ளையும் ஒரு தலையா என்று இவள் மல்லுக்கு நின்றாள். எல்லா வயதுக்காரரும் வரலாம் என்று வெளியே போர்டு மாட்டியது யார் என்று தீயணைப்புத் துறைக்காரர்கள் திருப்பிக் கேட்டார்கள். இன்னொரு தடவை கூடினால் பூட்டுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த போர்டு இவளே எழுதியது. பாட்டுக் கேட்கிற மற்ற இடங்களெல்லாம் சரக்கு விற்று வாடகை கட்டுகின்றன. இவள் எலுமிச்சை ஜூஸ் விற்றாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்தால், வளர்ந்து வா என்று விரட்டாத ஓர் இடமாவது ஊரில் இருக்கட்டுமே என்று பழைய டயர் கிடங்கு ஒன்றைப் பிடித்தாள். சுவரில் இன்னும் ரப்பர் வாடை போகவில்லை.

பைத்தியக்காரத்தனம் என்று சொன்னவர்களில் முதல் ஆள், இதோ வாசலில் நிற்பவர்தான். கிடங்கா, குடும்பமா என்று கேட்டார். இவள் யோசித்தாள். யோசித்ததே பதில் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்று தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, இன்டர்வியூவுக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

"உள்ள போகலாமா?"

இவளிடம் அவர் அனுமதி கேட்டு இவள் பார்த்ததே இல்லை.

ஹவுஸ்ஃபுல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்கூட இல்லை. மகளுக்குத் தெரியப்போவதும் இல்லை. அப்பா இந்தத் தடவையும் வரவில்லை என்று நினைத்துக்கொள்வாள். பள்ளிக்கூட விழா, பிறந்தநாள், காய்ச்சல் என்று எத்தனையோ முறை நினைத்துப் பழகியவள்தானே.

வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

மேடையோரத்தில் மகள் கிடாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தாள். சுருதி எப்போதோ சேர்ந்தாயிற்று. கூட்டத்துக்கு மேலாக எட்டி எட்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரை வெளியே அனுப்புவது? எல்லாரும் டிக்கெட் வாங்கிய பிள்ளைகள். மிக்சர்காரனை எழுப்பினால் பாட்டே கிடையாது.

இவள் எழுந்தாள்.

"போங்க. தூணுக்குப் பக்கத்துல நின்னா மேடை நல்லாத் தெரியும்."

"நீ?"

"எனக்கு வெளிய வேலை இருக்கு."

அவர் உள்ளே போனார். இவள் வெளியே வந்தாள். அதிகாரியின் விரல் அசையவில்லை.

கதவு மூடிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலத் தெரு. பிள்ளைகளின் சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. பாட்டு ஆரம்பித்திருக்க வேண்டும்.

ஒன்றும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் சத்தம் என்று புகார் கொடுத்ததால் சுவரெல்லாம் மெத்தை பதித்து, கதவை இரட்டையாக்கி, இடுக்கெல்லாம் ரப்பர் ஒட்டியது இவள்தான். உள்ளே குண்டு வெடித்தாலும் வெளியே கேட்காது என்று பெருமை வேறு பீற்றியிருக்கிறாள்.

கதவில் காதை வைத்தாள். தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. பெற்ற பிள்ளை முதல் முதலாகப் பாடுகிறாள், நாலு விரற்கடைக் கதவுக்கு இந்தப் பக்கம் அம்மா நிற்கிறாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தெருவில் ஆள் வரவே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளைகள் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே சைக்கிள்களைப் பிரித்தார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது என்று அதிகாரி தலையசைத்துவிட்டுப் போனார். மகளின் அப்பா இவளைத் தாண்டி நடந்தார். கண்கள் சிவந்திருந்தன.

கடைசியாக மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். உடம்பெல்லாம் வியர்வை.

"அம்மா, அப்பா வந்திருந்தாரு! சரி, சொல்லு. எந்தப் பாட்டு நல்லா இருந்துச்சு?"

வீட்டில் ஒரு மாதமாகக் குளியலறைக் கதவைத் தாண்டி ஒரு பாட்டு வந்துகொண்டிருந்தது. வராத அப்பாவைப் பற்றி மகளே எழுதியது. இன்று முதலில் அதைத்தான் பாடுவேன் என்று காலையில்கூடச் சொன்னாள். குரல் எங்கே இறங்கும், எங்கே உடையும் என்று இவளுக்கு மனப்பாடம். அந்தத் தைரியத்தில் சொன்னாள்.

"முதல் பாட்டுதான்டி. காலி நாற்காலின்னு ஒரு வரி வருமே, அங்க எனக்குத் தொண்டையை அடைச்சிருச்சு."

மகளின் சிரிப்பு மெல்ல நின்றது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். இந்த வாசலிலேயே வளர்ந்த பிள்ளை. ஒருவர் உள்ளே வந்தால் ஒருவர் வெளியே போயாக வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அப்பாவைப் பாத்ததும், அந்தப் பாட்டை நான் பாடவே இல்லம்மா."